சிலாதோரணத்துப் பக்கத்திலிருந்து வந்த கன்று: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்சென்னையில் இயங்கும் ஒரு மொட்டைமாடித் தோட்டக் குழுவில் நடந்த நிகழ்வு இது: திருமலைக் காட்டிலிருந்து ஒருவர் எடுத்துவந்த கன்று, சட்டம் பாதுகாக்கும் அரிய செடியாக இருக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. அந்தக் குழுவை நடத்துபவர்களில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். செடி பரிமாற்றம் நடத்தும் மற்ற குழுக்களுக்கும் இதே நிலைமை வரலாம். அப்போது எதை எந்த வரிசையில் யோசிப்பது என்பதற்கு ஒரு பதிவு இருக்கட்டும்.

பின்னணி: பாறையும் காடும்

திருமலைக்குப் போகிறவர்களில் பலர் தரிசனம் முடிந்த கையோடு ஒரு ஜீப் பிடித்து ஸ்ரீவாரி பாதம், சிலாதோரணம், ஆகாச கங்கை, பாபவிநாசம் என்று ஒரு சுற்று போய்வருவார்கள். சிலாதோரணம் கோயிலிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தூரத்தில், சக்கர தீர்த்தத்துக்கு அருகே இருக்கிறது. மனிதக் கை படாமல் தானாக உண்டான கல் வளைவு. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் சுமார் 3 மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுற்றிலும் வேலி, முன்னால் பூங்கா, விவரப் பலகை எல்லாம் உண்டு.

வளைவுக்கு 150 கோடி வயது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது பாறையின் வயது. மணல் படிந்து, இறுகி, குவார்ட்சைட் ஆன காலம் அது. அதில் ஓட்டை விழுந்து வளைவானது அதற்கு வெகு காலம் பிறகு. விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, பலவீனமான அடுக்குகள் உதிர்ந்து, உறுதியான மேலடுக்கு மட்டும் பாலமாக நின்றுவிட்டது. மலைப்பாதையில் ஏறும்போதே இந்தக் குவார்ட்சைட் அதைவிடப் பழைய கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. அந்த இடமும் ஒரு தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்தான். பஸ்ஸில் போகிறவர்கள் அதை ஒரு வளைவில் கடந்துவிடுவார்கள்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமானது குவார்ட்சைட்டின் இன்னொரு குணம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். உதிர்ந்தால் மணல்தான் மிஞ்சும். தண்ணீரும் நிற்காது, சத்தும் இருக்காது. அப்படிப்பட்ட மண்ணில் பிழைக்கத் தெரிந்த செடிகள்தான் இந்த மலைத்தொடரில் நிலைத்திருக்கின்றன. செம்மரம் எல்லோருக்கும் தெரிந்தது. குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த போஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலேட்டா, நாவல் இனத்தில் சிசிஜியம் ஆல்டர்னிஃபோலியம் போன்றவை கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியை விட்டால் வேறெங்கும் கிடைப்பது அரிது. 1989இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும், 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டதற்கு இந்தச் செடிகொடிகளும் ஒரு காரணம்.

அந்த வரிசையில் ஒன்றுதான் சைகஸ் பெட்டோமி. மதராஸ் மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோமின் பெயரைத் தாங்கிய செடி. ஆள் உயரம்கூட வளராது. தூரத்திலிருந்து பார்த்தால் ஈச்சங்கன்று போலத் தெரியும். காட்டுத்தீ மேலே கருக்கிவிட்டுப் போனாலும் அடித்தண்டிலிருந்து புது ஓலை தள்ளும். சைகஸ் இனங்களின் வேரில் பவளம் போலக் கிளைத்த முடிச்சுகள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டி இருக்கும். அவற்றுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். வெறும் மணலில் அது உயிரோடு இருப்பதன் ரகசியம் இதுதான். செடியைப் பிடுங்கும்போது முதலில் முறிவதும் இந்த வேர்தான்.

கன்று சென்னைக்கு வந்த விதம்

எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நங்கநல்லூர்ப் பக்கம் இருக்கிறார். அவருடைய தம்பி ஒரு புரட்டாசி சனிக்கிழமை குடும்பத்தோடு திருமலைக்குப் போனார். சிலாதோரணத்தைப் பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே கொஞ்ச தூரம் தள்ளி, பாறைச் சரிவில் ஒரு சின்னக் கன்றைக் கண்டார். அக்காவுக்குச் செடி என்றால் உயிர். வண்டியின் டூல்கிட்டில் இருந்த ஸ்பேனரால் நோண்டி எடுத்து, லட்டு வாங்கிய பையிலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டார். வேலிக்குள் கை வைக்கவில்லை என்பதால் தவறு செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. “பாறையைத்தானே தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு” என்று பிறகு சொன்னார்.

அக்கா அதை வழக்கமான மண் கலவையில் நட்டார்: செம்மண், தென்னை நார்த்தூள், மாட்டு எரு. வடகிழக்குப் பருவமழையில் தொட்டி ஊறிப் போய், இருந்த மூன்று ஓலைகளில் இரண்டு மஞ்சளாகிக் கழன்றன. ஐப்பசி முழுக்க அதை ஷீட்டுக்கு அடியில் நகர்த்தி வைத்திருந்தார். தை பிறந்த பிறகு நட்டநடுக் குருத்து கெட்டியாக இருப்பதைப் பார்த்து, நார்த்தூளை எடுத்துவிட்டு ஆற்று மணலும் உடைத்த செங்கலும் கலந்து மாற்றி நட்டார். பங்குனியில் புது ஓலைகள் சுருள் சுருளாக வந்தன. அவற்றைப் புழு தின்ன ஆரம்பித்தது.

மாதக் கூட்டத்தில் பார்த்தது

மாதாமாதம் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். விதை, கன்று, பதியன் எல்லாம் கைமாறும். அன்று அவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஓலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கேள்வி ஒன்றே ஒன்று: “இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?”

ஓலை விரல் நீளத்துக்கு மேல் இல்லை. இளம்பச்சை. சிற்றிலைகள் இன்னும் முழுதாக விரியவில்லை. ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டினாற்போல இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரிசி அளவில், இலையின் நிறத்திலேயே, தட்டையான புழுக்கள். கவரின் மூலையில் நாலைந்து எறும்புகள். அவை புழுவைத் தின்ன வந்தவை அல்ல. புழு சுரக்கும் இனிப்பு நீருக்காகக் காவல் நிற்பவை. பிளெயின்ஸ் கியூபிட் என்ற சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சென்னையில் அலங்காரச் சைகஸ் வைத்திருக்கும் எந்த அடுக்ககத்திலும் இதைப் பார்க்கலாம். இளம் ஓலையை மட்டும்தான் தின்னும். ஓலை முற்றிவிட்டால் பல் இறங்காது.

ஒருவர் வேப்பெண்ணெய்க் கரைசல் என்றார். இன்னொருவர் கடையில் விற்கும் ஒரு பூச்சிமருந்தின் பெயரைச் சொன்னார். பேச்சு அதிலேயே முடிந்திருக்கும். “சைகஸ் எங்க வாங்கினீங்க?” என்று யாரோ சும்மா கேட்டார்கள். “வாங்கலை, திருப்பதியிலேர்ந்து தம்பி கொண்டுவந்தான், அந்தக் கல் வளைவுப் பக்கத்துல” என்று அவர் சொன்னதும், அங்கிருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை ஓலையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

இது எந்தச் சைகஸ்?

நர்சரிகளில் சைகஸ் என்று விற்பது பெரும்பாலும் சைகஸ் ரெவல்யூட்டா, ஜப்பானியச் செடி. அதன் சிற்றிலைகள் நடுநரம்பின் இருபுறமும் மேல்நோக்கி நின்று ஓலைக்கு ஒரு பள்ளமான வடிவம் கொடுக்கும். அடிப்பக்கம் மெல்லிய ரோமம் இருக்கும். தென்னிந்தியக் காடுகளில் வளரும் சைகஸ் சர்சினாலிஸுக்குச் சிற்றிலை அகலம், விளிம்பு தட்டை. பெட்டோமிக்குச் சிற்றிலை மிகக் குறுகல், 3 முதல் 4 மில்லிமீட்டர்தான், விளிம்பு கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும்.

பேராசிரியை அடுத்த நாளே வீட்டுக்குப் போய் முற்றிய ஓலையை அளந்தார். குறுகல்தான், விளிம்பும் சுருண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார். இளங்கன்றின் ஓலையை வைத்து இனம் சொல்வது ஆபத்து, கூம்பு (சைகஸுக்குப் பூவுக்குப் பதிலாக வருவது) வர வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்றார். “ஆனா வந்த இடத்தைச் சேர்த்துப் பார்த்தா, பெட்டோமின்னு நினைச்சுத்தான் நடந்துக்கணும்.” இந்த ஒரு வாக்கியம்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. நிச்சயம் தெரியும்வரை காத்திருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால், குழுவில் பாதிப் பேர் நிம்மதியாக அப்படியே விட்டிருப்பார்கள்.

குழுவில் ஒரு வழக்கறிஞர் உண்டு. சட்டப் பக்கத்தை அவர் விளக்கினார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தம் மூலம் சில தாவரங்களும் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியல் மிகச் சிறியது. பெட்டோம் சைகஸ், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, கோஷ்டம், லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட், குடுவைச் செடி ஆகிய ஆறுதான் இருந்தன. 2022 திருத்தத்துக்குப் பிறகு தாவரங்கள் மூன்றாம் அட்டவணைக்கு மாறின. அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்குவது மட்டும் குற்றமல்ல, வைத்திருப்பது, கைமாற்றுவது, உரிமமில்லாமல் வளர்ப்பது எல்லாமே குற்றம். பன்னாட்டு அளவிலும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது வணிகத்துக்குக் கடுமையான தடையுள்ள பட்டியலில், இது இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று ஒருவர் கேட்டார். நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பது சைகஸ் இனங்களின் ஆண் கூம்புச் செதில்தான். சைகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கூம்பை வெட்டிக்கொண்டே போனால் பெண் செடிகள் இருந்தும் விதை பிடிக்காது. ஏற்கெனவே சின்ன இடத்தில், சிதறிச் சிதறி நிற்கும் செடி. கன்று ஒன்று போனால்கூட அங்கே கணக்கு மாறும்.

மூன்று யோசனைகள்

முதல் யோசனை எல்லோருக்கும் பிடித்தது: எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் நட்டுவிடலாம். தம்பியே தயாராக இருந்தார். கேட்க நியாயமாகவும் இருந்தது. பேராசிரியைதான் இதைக் கடுமையாக எதிர்த்தார், அவர் சொன்னதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் சென்னை மாடியில், எருவும் நர்சரி மண்ணும் கலந்த தொட்டியில் இருந்த வேர் அது. அதில் என்ன பூஞ்சை, என்ன நூற்புழு ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவினாலும் முழுசாகப் போகாது. ஒரு கன்றைத் திருப்பிக் கொடுக்கப் போய், அந்தச் சரிவிலுள்ள மற்றவற்றுக்கு நோயைக் கொடுத்துவிடலாம். தவிர, தம்பிக்கு இடம் துல்லியமாக நினைவில்லை. இடம் தெரிந்தாலும், அதே செடியை மறுபடி மாநில எல்லை தாண்டி எடுத்துப் போவதே இன்னொரு குற்றம் என்றார் வழக்கறிஞர். நல்ல மனதோடு செய்யப்படும் திருப்பி நடுதல், பிடுங்குவதைவிடப் பெரிய கெடுதலாக முடியலாம் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாவது யோசனை: ஏதாவது ஒரு கல்லூரித் தோட்டத்துக்குக் கொடுத்துவிடலாம். பாதுகாப்பாக இருக்கும், மாணவர்களும் பார்ப்பார்கள். ஆனால் அதுவும் கைமாற்றுதான். கல்லூரியை நாமே சிக்கலில் இழுத்துவிடுவோம் என்பதால் விட்டோம்.

மூன்றாவது, வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து ஒப்படைப்பது. இதில்தான் தயக்கம். அக்காவுக்குத் தன்னைப் பற்றிய பயம் இல்லை, தம்பி பேரில் வழக்கு வருமே என்பதுதான் கவலை. தம்பியோ, “அக்கா, அது என்ன தங்கமா? ஒரு செடி. பேசாம வெச்சிக்கோ, யார் கேக்கப்போறா?” என்றார். ஒன்றும் ஆகாது என்று வழக்கறிஞர் உறுதி கொடுக்கவில்லை. தானாக முன்வந்து, நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுப்பது ஒரு நல்ல பார்வையை உண்டாக்கும், அதற்கு மேல் அதிகாரியின் முடிவு என்று மட்டும் சொன்னார்.

குழுவாக நாங்கள் எடுத்த முடிவு இரண்டு. புகார் கொடுப்பது எங்கள் வேலை இல்லை, அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். அதே சமயம் அந்தச் செடிக்கு மருந்து, மண் கலவை என்று எந்த ஆலோசனையும் சொல்ல மாட்டோம், பக்கக்கன்று வந்தாலும் யாரும் வாங்க மாட்டோம். முதல் பாதியை இன்றும் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். வற்புறுத்தியிருந்தால் செடி ஒரே இரவில் காணாமல் போயிருக்கும் என்பது என் கணிப்பு. குப்பை வண்டியில் போவதற்கு ஒரு கன்றுக்கு நேரமாகாது.

ஒப்படைத்தது

சில வாரம் சத்தமே இல்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் அக்கா போன் செய்தார். முடிவை மாற்றியது நாங்கள் சொன்ன எதுவும் இல்லை. அவருடைய பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது. சைகஸின் விதை, ஓலை எல்லாவற்றிலும் சைகாசின் என்ற நஞ்சு உண்டு, குழந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து என்று பேராசிரியை பேச்சுவாக்கில் சொன்னது அவருக்குள் தங்கியிருந்தது. “வெளியில கொடுக்கவும் முடியாது, வீட்டுல வெக்கவும் முடியாது. எழுதிக் கொடுத்துடறேன்” என்றார்.

வழக்கறிஞர் உதவியோடு இரண்டு பக்கக் கடிதம் தயாரானது. எப்போது, எங்கே, எப்படி எடுத்தது, எந்த மண்ணில் வைத்திருந்தது, எத்தனை ஓலை போனது என்று எல்லாம் அதில் இருந்தது. இனம் உறுதியாகவில்லை என்பதையும் அப்படியே எழுதினார்கள். தம்பியும் கையெழுத்துப் போட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தொட்டியோடு படம் எடுத்து, அளந்து, மகஜர் எழுதி, செடியை எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். தம்பியைத் தனியாக விசாரித்து எச்சரித்தார்கள். வந்தவர்களில் ஒருவர், செம்மரம் என்றால் எங்களுக்குத் தினமும் வேலை, இந்தச் செடியை ஒருவர் தானாகக் கொண்டுவந்து கொடுத்து நான் பார்த்ததில்லை என்று சொன்னாராம்.

அதன் பிறகு

இதை எழுதும்வரை வழக்கு பதிவானதாகக் குடும்பத்துக்குத் தகவல் எதுவும் வரவில்லை. அனுமதி வாங்கிப் பேராசிரியை ஒருமுறை செடியைப் பார்த்துவிட்டு வந்தார். பழைய ஓலை முழுக்கப் போய்விட்டது, குருத்து மட்டும் விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. பிழைக்கலாம். இனம் பெட்டோமிதானா என்பது கூம்பு வரும் நாளில்தான் தெரியும், அதுவும் பிழைத்தால்.

குழுவுக்குள் வேறு விதமான விளைவுகள். அடுத்த கூட்டத்தில் ஒருவர் ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துவந்த ஆர்க்கிட் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். இன்னொருவர் பையிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். சிலாதோரணத்துப் பக்கம் பொறுக்கியது, பூஜை அறையில் வைத்திருந்தாராம். அதை என்ன செய்வதென்று எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சிலர் குழுவை விட்டே போனார்கள். செடி வளர்ப்பது சந்தோஷத்துக்கு, போலீஸ் வேலை பார்ப்பதற்கு அல்ல என்று அவர்களில் ஒருவர் சொன்னதில் கோபம் மட்டும் இல்லை, நியாயமும் கொஞ்சம் இருந்தது. தம்பி அக்கா வீட்டுக்கு முன்போல வருவதில்லை.

மாற்றியவையும் மாற்ற நினைப்பவையும்

பரிமாற்றத்துக்கு வரும் ஒவ்வொரு கன்றுக்கும் இப்போது ஒரு சீட்டு ஒட்டுகிறோம்: பெயர், யார் வீட்டுத் தாய்ச்செடி, அல்லது எந்த நர்சரி. காட்டிலிருந்து எடுத்தது என்றால் மேசைக்கே வரக்கூடாது. இந்தக் கேள்வியை வாசலிலேயே கேட்பது நல்லது. ஒருவர் ஆறு மாதம் வளர்த்துக் காப்பாற்றிய பிறகு கேட்டால், அது செடியைப் பற்றிய கேள்வியாக இருக்காது, ஆளைப் பற்றியதாகிவிடும்.

புரட்டாசிக்கு முன்னால் பேராசிரியை ஒரு பக்கத் தாள் ஒன்று தயாரித்தார். சிலாதோரணத்தைச் சுற்றி என்னென்ன செடி நிற்கின்றன, எதைப் பார்த்தால் சைகஸ் என்று தெரியும், ஏன் அந்த மணலில் அது பிழைக்கிறது என்று படத்தோடு இருந்தது. திருமலை போகிறவர்களிடம் கொடுக்கிறோம். வேலி ஒரு இடத்தில் முடிந்துவிடும், ஆனால் வேலிக்கு வெளியே இருப்பதும் அதே பாறை, அந்தப் பாறையால் உண்டான மண், அந்த மண்ணுக்கென்றே அமைந்த செடி. தம்பி பார்த்த பலகையில் அது இல்லை.

அப்புறம், பாறை பார்க்கத் திருமலைவரை போக வேண்டாம் என்பதும் பேச்சில் வந்தது. பரங்கிமலையிலேயே ஒரு தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் இருக்கிறது, சார்னோகைட் பாறை. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதற்கு, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை வைத்துத்தான் பெயர் சூட்டினார். ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்தும் எங்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. மழைக்குப் பிறகு அங்கே ஒரு நடை வைத்தோம். பல்லாவரம் குன்றுகளுக்கும் ஒன்று திட்டத்தில் இருக்கிறது. படம் எடுக்கலாம், எதையும் பறிக்கக்கூடாது என்பது மட்டும் விதி.

தீராத ஒரு விஷயம் உண்டு. நர்சரியில் வாங்கியதாகச் சொல்லிப் பில் இல்லாமல் வரும் சைகஸை என்ன செய்வது? போன மாதம் ஒருவர் செம்மரக் கன்று கொண்டுவந்தார். அதற்குப் பில் இருந்தது, நகல் வாங்கிவைத்துக்கொண்டு அனுமதித்தோம். அதே நாளில் வந்த சைகஸுக்குப் பில் இல்லை. பார்த்தால் ரெவல்யூட்டா போலத்தான் இருந்தது. பேராசிரியை ஓலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து, ரோமம் இருக்கிறது, விடலாம் என்றார். வழக்கறிஞர் கூடாது என்றார். கொண்டுவந்தவர் தொட்டியைத் திரும்ப ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த மாதக் கூட்டத்தின் முதல் பேச்சு அதுதான்.